கையில் ஆடும், வண்டியில் ஆடாது

அக்கா எந்தப் பொருளையும் நம்ப மாட்டார். எந்த மனிதரையும் சந்தேகப்பட மாட்டார். இந்த இரண்டு குணத்தையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு பெங்களூரில் ஒருவர் இத்தனை வருஷம் எப்படிக் காலம் தள்ளினார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒருமுறை சிவாஜி நகரிலிருந்து விவேக் நகருக்கு இருவரும் ஒரே ஆட்டோவில் போனோம். ஓட்டுநர் வழக்கம்போல, "மீட்டர் கெட்டோகிதே மேடம்" என்றார். நான் பேரம் பேசத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அக்கா முன்பக்கம் குனிந்து, உண்மையான கவலையோடு, "அய்யோ, எப்பலேர்ந்து? ஓரமா நிறுத்துங்க, கழட்டிப் பாக்கறேன். கான்டாக்ட்தான் போயிருக்கும்" என்று பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். கிண்டல் துளியும் இல்லை. அந்த மனிதர் மீட்டர் கெட்டுவிட்டது என்றார், ஆகவே மீட்டர் கெட்டுவிட்டது. ஓட்டுநர் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார், ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார், மீட்டரை ஒரு தட்டுத் தட்டினார். அது ஓட ஆரம்பித்தது. இறங்கும்போது அக்கா அவரிடம், "தட்டினா ஓடுதுன்னு விட்டுராதீங்க. சீக்கிரமே பழையபடி நின்னுடும்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

எங்களுக்குப் பழக்கம் சைக்கிளால். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. அல்சூர் வீட்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு கம்பெனி காரில் போய், ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு மாறி, அதே காரில் திரும்பி வருவதே என் வாழ்க்கை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "சர்க்கரை வாசல்ல நிக்குது சார், இன்னும் உள்ள வரல" என்றார். பயத்தில் ரேஸ் சைக்கிள் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் எனக்குச் சர்க்கரையைவிட இறக்கம் அதிகப் பயம் என்று தெரிந்தது. ஏற்றத்தில் மூச்சு முட்டினால் நிறுத்திக்கொள்ளலாம். இறக்கத்தில் அந்த உரிமை கிடையாது. மேம்பாலத்தில் இறங்கும்போதுகூட இரண்டு பிரேக்கையும் பிடித்தபடிதான் வருவேன். தயிர் வாங்கிவந்த தூக்கோடு நடக்கிற ஒரு தாத்தா என்னை முந்திப்போய், திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைக் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே கடைசி ஆளாக, சுடிதார் டாப்பும் சைக்கிள் டிரவுசருமாக, அவசரமே இல்லாமல் மிதித்து வருகிறவர்தான் அக்கா. எந்த ஏற்றத்திலும் கால் ஊன்ற மாட்டார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். யார் மூத்தவர் என்ற ஆராய்ச்சிக்கு இருவருமே போகவில்லை. அவருக்குப் பீன்யா பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை. வருகிற பாகங்களை அளந்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரிப்பது. வேலை முடிந்து வந்த கையோடு விவேக் நகர் கோயில் தெருவுக்குப் பின்னாலிருந்த மாடி வீட்டில் எங்கள் சக்கரங்களைப் பார்ப்பார்.

சக்கரம் என்றால் டயரையோ டியூபையோ அல்ல. அவருக்கு ஹப்தான் எல்லாம். சக்கரத்தின் நடுவில், கம்பிகளெல்லாம் வந்து சேர்கிற உருளை. உள்ளே ஓர் அச்சு, அதைச் சுற்றி எஃகுக் குண்டுகள், குண்டுகளை அமுக்கிப் பிடிக்கிற கோன் என்கிற மூடி, அதன்மேல் ஒரு நட்டு. அக்கா அச்சின் இரண்டு முனைகளையும் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, சக்கரத்தை மெல்லச் சுற்ற விடுவார். உள்ளே ஒரு மணல் அளவு சொரசொரப்பு இருந்தாலும் விரலுக்கு வந்துவிடும் என்பார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, "இன்னிக்கு ஒண்ணும் தெரியல" என்பார். அதுதான் அவர் தருகிற அதிகபட்சப் பாராட்டு. நம்பலாமா அக்கா என்று நான் இருபது தடவை கேட்டிருப்பேன். "சக்கரத்தைப் போய் யாராவது நம்புவாங்களா அண்ணா?" என்பார். அதைக் கேட்டுவிட்டு நான் அதே சக்கரத்தில் வீட்டுக்குப் போக வேண்டும்.

குழுவில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவரிடம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஹப். மிதிப்பதை நிறுத்தினால் சில்வண்டுக் கூட்டம்போலக் கத்தும். "சக்கத்தா, சூப்பரா இருக்கில்ல சவுண்டு?" என்று அக்காவிடம் பெருமையாகக் கேட்டார்.

"சத்தம் போட்டா வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்லண்ணா. எங்க கம்பெனில அந்த மாதிரி நெறைய பேர் இருக்காங்க."

"சரி, ஸ்டிஃப்பா இருக்கா சொல்லுங்க. அதுக்குத்தானே இவ்வளவு செலவு பண்ணது."

அக்கா ஹப்பின் இரண்டு பக்கமும் கம்பி மாட்டுகிற தட்டுகளுக்கு இடையே விரலை விரித்து அளந்தார். "தட்டு ரெண்டும் தள்ளித் தள்ளி நின்னா, கம்பி காலை அகட்டிக்கிட்டு நிக்கும். பஸ்ல கம்பி பிடிக்காம நிக்கறவன் காலை அகட்டி நிப்பான் இல்ல, அது மாதிரி. இதுல தட்டு கிட்ட கிட்ட இருக்கு. வளைவுல சாயும்." சொன்னதோடு விடவில்லை. பிரேக் கட்டையை ரிம்முக்கு ஒரு காகித இடைவெளியில் நகர்த்திவைத்து, டாக்டரை எழுந்து நின்று மேட்டில் மிதிக்கச் சொன்னார். ஒவ்வொரு மிதிக்கும் ரிம் வளைந்து போய்க் கட்டையில் உரசியது. சர், சர், சர். தெருவே கேட்டது. டாக்டர் முகம், ஊசி போடாமல் பல் பிடுங்கப்பட்டவர் முகமானது.

ஆனால் என் கதைக்கு முக்கியமானது அதற்கு அடுத்து நடந்தது. ஹப்பைத் திறந்தால் உள்ளே கிரீஸே இல்லை. வறண்டு கிடந்தது.

"போன மாசம்தான் கிரீஸ் போட்டேன்" என்றார் டாக்டர். பச்சைப் பொய். அந்த ஹப்பை அவர் தொட்டதே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், அக்காவைத் தவிர.

"ஒரே மாசத்துலயா காஞ்சிருச்சு? என்ன கிரீஸ் அது?"

டாக்டர் திணறி, வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னார். அக்கா உடனே தன் சின்ன நோட்டை எடுத்து அந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் 'வாங்கக் கூடாது' என்று எழுதிக்கொண்டார். பிறகு ஜே.சி. ரோட்டில் இரண்டு கடைகளில் அந்த கிரீஸைப் பற்றி விசாரித்தும் பார்த்திருக்கிறார், நாலு பேரை எச்சரிக்கலாமே என்று. அப்படி ஒரு கிரீஸ் உலகத்திலேயே கிடையாது என்று கடைக்காரர் சொன்னாராம். அக்கா கண்டுபிடித்தது இவ்வளவுதான்: "பாருங்க, ரொம்ப மோசம்னு மார்க்கெட்லேர்ந்தே எடுத்துட்டாங்க போல."

நான் அதை வைத்து ஒரு மாதம் டாக்டரை ஓட்டினேன். அவர் வந்தாலே "கிரீஸ் கம்பெனி முதலாளி வர்றாரு" என்பேன். இப்போது யோசித்தால், அந்த ஒரு மாதச் சிரிப்புக்குத்தான் பிறகு அவ்வளவு பெரிய விலை.

நந்தி மலைக்குப் போவது என்று முடிவானது. ஏறுவதுகூடப் பரவாயில்லை, ஏறினால் இறங்க வேண்டும் என்பதுதான் அந்த மலையில் உள்ள குறை. சனிக்கிழமை காலை முன்சக்கரத்தை அக்காவிடம் கொடுத்தேன். திறந்து, துடைத்து, புது குண்டு போட்டு, கோனை அளவாக இறுக்கித் தந்தார். தரும்போது என் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"அண்ணா, கேட்டுக்கோங்க. கையில பிடிச்சு ஆட்டினா லேசா ஆடும். வண்டில மாட்டி, லீவரைப் போட்டு இறுக்கினா அந்த ஆட்டம் போயிடும். இறுக்கும்போது அச்சு ஒரு நூல் அமுங்கும், அதுக்கு விட்ட இடம் அது. கையில ஆடலைன்னாதான் தப்பு. வண்டில குண்டு நசுங்கும். அப்படியே விட்டுடுங்க."

"புரிஞ்சுதுக்கா" என்றேன். புரிந்தது. விவேக் நகரிலிருந்து அல்சூர் வரும்வரைகூடப் புரிந்துதான் இருந்தது.

வீட்டில் மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்தபோது, சும்மா ஒருமுறை சக்கரத்தைக் கையில் எடுத்து ஆட்டினேன். டிக். அவர் சொன்ன ஆட்டம்தான். இன்னொரு முறை ஆட்டினேன். டிக். நாளைக்கு நந்தி மலையின் கொண்டை ஊசி வளைவில் இந்த டிக் என்ன சொல்லும் என்று யோசித்தேன். பிறகு இணையத்தில் தேடினேன். பயந்தவன் இணையத்தில் தேடக் கூடாது. முன்சக்கரம் கழன்று ஓடுகிற படம் ஒன்று, ஓடிய பிறகு ஆஸ்பத்திரியில் எடுத்த படம் ஒன்று.

"அக்கா என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி, படுத்தபடியே.

"அப்படியே விடச் சொன்னாங்க."

"அப்ப அப்படியே விடு."

விட்டிருக்கலாம். என்னிடம் அதற்கான மெல்லிய ஸ்பேனர்கூட இல்லை. அது ஆண்டவனாகப் பார்த்துப் போட்ட தடை. நான் கட்டிங் பிளேயரை எடுத்து, ரப்பர் மூடியை நெம்பி, கோனைக் கடித்துப் பிடித்து, நட்டோடு சேர்த்து ஆட்டம் சுத்தமாகப் போகும்வரை முறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. ரப்பர் மூடியை மறுபடி மாட்டினேன். அன்றைக்கு மத்தியானம் நான் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, பரீட்சை முடிந்த பையன் தூங்குகிற தூக்கம்.

ஞாயிறு காலை ஏறும்போது வண்டி நகரவே மாட்டேன் என்றது. அது என் உடம்பின் பெருமை என்றுதான் நினைத்தேன். உச்சிக்குப் போய் எல்லோரும் இட்லி சாப்பிட்டதும், இறங்குவதற்குமுன் அக்கா ஒவ்வொரு வண்டியாக முன்பக்கம் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சரியான சக்கரம் வேகம் குறைந்ததும் டக்கென்று நிற்காது. காற்றடிக்கிற வால்வின் எடை கீழே இழுக்க, ஊஞ்சல்போல இரண்டு பக்கமும் ஆடிவிட்டுத்தான் ஓயும். டாக்டருடையது ஆடி ஓய்ந்தது. என்னுடையது இரண்டு சுற்று சுற்றி, வால்வு உச்சியில் இருக்க, அப்படியே நின்றுவிட்டது.

அக்கா மறுபடி சுற்றினார். மறுபடியும் பொசுக்கென்று நின்றது. சக்கரத்தைக் கழற்றி, அச்சை விரல் நுனியில் பிடித்து, கண்ணை மூடினார். திறந்தபோது அவர் முகம் எனக்குப் பழக்கமில்லாத முகமாக இருந்தது.

"அண்ணா, நான் கொடுத்ததுக்கு அப்புறம் யாராவது தொட்டாங்களா?"

பக்கத்தில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். வாயில் டூத்பிக். கண்ணில் ஒரு மாத பாக்கி. நான் ஆமாம் என்று சொன்னால் அடுத்த வருஷம் வரைக்கும் எனக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று கணக்குப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை.

"இல்லக்கா. யாரும் தொடல."

அவ்வளவுதான். அவர் நம்பிவிட்டார். மனிதர் தொடவில்லை என்று சொல்லிவிட்டார். புதுக் குண்டு, அவரே பார்த்துப் போட்டது. கிரீஸும் அவருடையது. குற்றம் சுமத்த மிச்சம் ஒன்றே ஒன்றுதான். அக்கா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான்தான் அதிகமா இறுக்கியிருக்கேன். அது தெரியாமலே கொடுத்திருக்கேன்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவர் தன் முன்சக்கரத்தைக் கழற்றி என் வண்டியில் மாட்டிவிட்டார். "என் தப்புக்கு நீங்க ஏன் நடக்கணும்? இதுல இறங்குங்க" என்று, என் சக்கரத்தைத் தன் வண்டியில் மாட்டி, உருட்டிக்கொண்டே மலை முழுவதும் நடந்து இறங்கினார். நான் அவருடைய சக்கரத்தில், இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி, பத்திரமாக வந்து சேர்ந்தேன். அடிவாரத்தில் அவருக்காகக் காத்திருந்த நேரம் முழுவதும் டாக்டர், "அக்காவுக்கே தப்பாகுது பாருங்க, வயசாயிருச்சு" என்றார். நான் தலையாட்டினேன். அதையும் செய்தேன்.

அன்று சாயங்காலம் வாட்ஸாப் குழுவில் அக்காவின் செய்தி வந்தது: 'இனிமேல் யாரும் என்னிடம் சக்கரம் கொண்டுவர வேண்டாம். என் கை சரியாக இல்லை. நான் முன்பு பார்த்துக் கொடுத்ததையும் வேறு யாரிடமாவது காட்டிவிடுங்கள்.' அதோடு நிற்காமல் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொன்னார். எனக்கும் போட்டார், இரண்டாவது முறை மன்னிப்புக் கேட்க.

நான் ஒரு நகைச்சுவைப் படத்தை அனுப்பி அந்த வாரத்தைக் கடத்தினேன். அடுத்த வாரம் ஆபீஸில் வேலை என்று சொல்லிக் கடத்தினேன். மூன்றாவது வாரம் வியாழக்கிழமை மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "அக்காகிட்ட பேசினேன். இன்ஸ்பெக்ஷன் வேண்டாம், பேக்கிங்குக்கு மாத்திடுங்கன்னு எழுதிக் கொடுத்திருக்காங்களாம். நாளைக்கு மேனேஜர் கையெழுத்துப் போடறாராம். எதனால அப்படி?"

அவள் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அந்த பிளேயர்ல நீ என்ன பண்ண?" என்றாள்.

ஆட்டோ பிடித்து விவேக் நகர் போனேன். மாடிப்படி ஏறும்போது நல்ல நல்ல வாக்கியங்களாகத் தயார் செய்தேன். கதவு திறந்ததும் எல்லாம் போய், "அக்கா, நான்தான் இறுக்கினேன்" என்று மட்டும் வந்தது.

அக்கா நம்பவில்லை! உலகத்தில் எல்லோரையும் நம்பியவர், ஒருவன் முதன்முறையாக உண்மை பேசும்போது நம்பவில்லை.

"எனக்காகச் சொல்றீங்க. உங்களுக்கு நல்ல மனசு."

"சத்தியமா நான்தான்."

"அன்னிக்கு தொடலைன்னீங்க. இன்னிக்கு தொட்டேன்றீங்க." கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு அளவுகோல் இரண்டு அளவு காட்டுகிறபோது இருக்குமே, அந்தக் குழப்பம். "நான் எதை எடுத்துக்கறது அண்ணா?"

அவரே உள்ளே போய் ஒரு பழைய முன்சக்கரத்தையும் கட்டிங் பிளேயரையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "எப்படிப் பண்ணீங்க? பண்ணிக் காட்டுங்க."

செய்து காட்டினேன். அவர் பிரம்பு மோடாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் மூடியை நெம்பினேன், கோனைக் கடித்துப் பிடித்தேன், பிளேயர் ஒருமுறை வழுக்கியது, மறுபடி கடித்து முறுக்கினேன். வியர்த்தது. திருட்டை நடித்துக் காட்டச் சொல்லி போலீஸ் அழைத்துப் போவார்களே, அந்த மாதிரி. முடித்ததும் அவர் அச்சை விரல் நுனியில் பிடித்துக் கண்ணை மூடிச் சுற்றினார். பிறகு கட்டிலுக்கு அடியில் நியூஸ்பேப்பரில் சுற்றி வைத்திருந்த என் சக்கரத்தை எடுத்தார். நந்தியிலிருந்து வந்த பிறகு அவர் அதைப் பிரிக்கவே இல்லை. பார்க்க மனசு வரவில்லையாம். ரப்பர் மூடியை விலக்கினார். கோன் முழுவதும் பிளேயரின் பல் தடம். வழுக்கிய இடத்தில் ஒரு நீளமான கீறல். இரண்டு சக்கரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கைதான்" என்றார்.

நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"மூணு வாரமா குழம்புல உப்புப் போடவே பயமா இருந்துச்சுண்ணா. போட்டேனா, போடலையான்னு. கேஸை மூடிட்டு மூணு தடவை திரும்பி வந்து பாப்பேன். ரோடு கிராஸ் பண்றப்ப, வண்டி தூரத்துல இருக்குன்னு கண்ணு சொல்லும், கால் எடுத்து வைக்க மாட்டேன்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"டாக்டர் பக்கத்துல நின்னாரு. அந்தக் கிரீஸ் விஷயத்துல நான் அவரைக் கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்தேன்."

"எந்த கிரீஸ் விஷயம்?"

அதையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போதும் தோன்றுகிறது. அவர் நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தேடி, 'வாங்கக் கூடாது' என்பதைப் பேனாவால் மெதுவாக அடித்தார். பிறகு மேனேஜருக்குப் போன் செய்து, கன்னடத்தில், அந்த லெட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் சார், கை சரியாகத்தான் இருக்கிறது என்றார். அதுவரை எதையும் 'சரி' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லும்போது குரல் களைத்திருந்தது.

அன்றே குழுவில் நடந்ததை எழுதினேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்தார்கள், எனக்கு 'பிளேயர்' என்று பெயர் வைத்தார்கள். டாக்டர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "கிரீஸ் மேட்டர் அக்காவுக்குத் தெரியாதில்ல?" என்றார். தெரியாது என்றேன். எனக்கு அலுப்பாக இருந்தது, அவரோடு பேசவும் என்னோடு இருக்கவும்.

அக்கா மறுபடி சக்கரம் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு வாரம் கழித்து, புது கோன் போட்ட என் சக்கரத்தை வாங்கப் போனேன். டாக்டருடையதும் இன்னும் இரண்டு பேருடையதும் சுவரில் சாய்ந்திருந்தன. எல்லாவற்றிலும் நட்டிலிருந்து அச்சுக்கு மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று. அக்கா நகத்துக்குச் சாயம் பூசி நான் பார்த்ததே இல்லை. அன்று அந்தச் சின்ன பாட்டில் ஸ்பேனர்களுக்கு நடுவில் திறந்திருந்தது.

"இது எதுக்கு அக்கா?"

"அடையாளம். நட்டை யாராவது திருப்பினா கோடு ஒடைஞ்சிரும்." ஈரம் காய்வதற்காக அதன்மேல் மெல்ல ஊதிக்கொண்டே சொன்னார். முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. "பாத்தா தெரிஞ்சுடும். யாரையும் கேக்க வேண்டியதில்ல."

குழுவில் அந்தச் சிவப்புக் கோடு எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அக்காவின் கையெழுத்து மாதிரி இருக்கிறது என்றார்கள். தன் ஃபிரேம் கலருக்குப் பொருத்தமாக இருக்கிறதென்று டாக்டர் போட்டோ எடுத்துப் போட்டார். மற்றவர்கள் சக்கரத்தில் ஒரு பக்கம்தான் கோடு. என்னுடையதில் மட்டும் இரண்டு பக்கமும் போட்டிருந்தார்.